பாய்மேல் படுத்த ஊர்வலம்

மண் பொம்மையைக் கையில் எடுத்ததும் கண்ணால் பார்க்கக்கூடாது. முதலில் முகர வேண்டும். பழைய பொம்மையில் புது வார்னிஷ் வாடை அடித்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள். ஈர மண் வாடை அடித்தால், காய்ந்தது மறுபடி நனைந்திருக்கிறது. பிறகு அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, காதருகில் கொண்டுபோய் மெல்ல ஆட்ட வேண்டும். உள்ளே மணல் உருண்டால் பொம்மை உள்ளுக்குள் உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்து முதுகில் நகத்தால் ஒரு தட்டு. கிண்ணென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் கண்ணுக்கு வேலை. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால். விரல்களை எண்ணியே பார்க்க வேண்டும். ஆறு விரல் பொம்மையை ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒடிந்த கைக்கு வேறெந்தப் பொம்மையின் கையையோ ஒட்டப் போய், அவசரத்தில் ஒரு விரல் கூடிவிட்டது.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். பெருமையாகத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தென்காசியில் எங்கள் தெருவுக்கு மேற்கே இருந்த பெரிய வீட்டை மேலவீடு என்போம். அந்த வீட்டு வயலைத்தான் என் அய்யா குத்தகைக்குப் பயிர் செய்தார். நாங்கள் குடியிருந்த மனையும் அவர்களுடையது. அம்மா அங்கே பாத்திரம் துலக்கி முற்றம் தெளித்துவிட்டு வருவாள். வீட்டு எஜமானியை ஊரே ஆச்சி என்றது. அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. நல்ல உயரம், கணீரென்ற குரல். வருடம் முழுவதும் அவர் நினைப்பு நவராத்திரிக் கொலுவின் மேலேயே இருக்கும். ஒன்பது படி வைப்பார். ஆடி பிறந்தால் பொம்மைப் பேச்சு தொடங்கிவிடும்.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, கோயில் வாசலில் பாய் விரித்து விற்ற ஒரு வியாபாரியிடம் ஆச்சி குறத்தி பொம்மை ஒன்றை எடுத்தார். அம்மாவோடு கூடை தூக்கப் போயிருந்த நான் அதை வாங்கிக் கூடையில் வைக்கும்போது கழுத்தில் லேசாகப் பிசுபிசுத்தது. நகத்தை வைத்து அழுத்தினேன். தலை கையோடு வந்துவிட்டது. அரக்கு வைத்து ஒட்டி மேலே சாயம் பூசியிருந்தான். அம்மா என் முதுகில் ஓர் அறை வைத்தாள். ஆச்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவள ஏன் அடிக்க? அவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே. ஏட்டி, இங்கன வா. இந்தப் பாயில இருக்குறது பூராவையும் பாரு."

அன்றைக்குத் தொடங்கியது. அதன் பிறகு மேலவீட்டுக்குள் என் கை படாமல் ஒரு பொம்மை வந்ததில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வைத்தேன். தட்டினால் என்ன சத்தம், எந்தக் கையில் எந்த விரல் தேய்ந்திருக்கிறது, போன வருடத்துக்கு இந்த வருடம் சாயம் எங்கே உரிந்திருக்கிறது. ஆச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். வருகிறவர்களிடமெல்லாம் அந்த நோட்டைக் காட்டி, "எங்க வீட்டுப் பொம்மைக்கெல்லாம் ஜாதகம் இருக்கு" என்பார். எனக்குக் காலே தரையில் பாவாது.

மேலவீட்டில் பொம்மை பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பொம்மைகளுக்கு எதிரே "உடைஞ்சிருக்கு" என்று சொல்லக்கூடாது. படியேறப் போகிறவர்கள் விருந்தாளிகள் மாதிரி, அவர்கள் காதில் அந்தச் சொல் விழக்கூடாது. பழுதான பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, "இவருக்கு உறக்கம் வருது" என்றுதான் சொல்ல வேண்டும். நல்லதை நிற்க வைக்க வேண்டும். உறவுக்காரர்களிடம் வாங்குவதாக இருந்தால் வாங்குவது, விற்பது என்ற பேச்சும் கிடையாது. "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்பார்கள். அப்போது ஆச்சி பொம்மையை உற்றுப் பார்க்கவே மாட்டார், அது மரியாதையில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். துணி சுற்றி எடுத்துவைக்க வந்தவள் போல நான் உட்கார்ந்து, நிறுத்தவும் படுக்க வைக்கவும் செய்வேன். ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு, "தவில்காரர் இங்கனயே இருக்கட்டும், ஒங்களுக்கும் துணை வேணும்லா" என்று எதையாவது சொல்லி ஆச்சி நழுவிவிடுவார். யாருக்கும் மனத்தாங்கல் வராது.

எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப் போட்டேன். பாளையங்கோட்டையிலிருந்து கடிதம் வந்தது. இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும், தகப்பனாரோ காப்பாளரோ கூட வந்து பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். அய்யாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலவீட்டுக்குப் போனார். திரும்பி வந்து துண்டை மடித்துக் கொடியில் போட்டார்.

"என்னய்யா சொன்னாக?"

"கொலு முடியட்டும்னுட்டாக."

"கொலு புரட்டாசியிலல்லா வருது? ஆனிக்குள்ள சேரணும்யா."

"ஆச்சி சொன்னதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

அவ்வளவுதான். தேதி போய்விட்டது. புரட்டாசியில் ஒன்பது படியும் அடுக்கியது நான்தான். பார்க்க வந்த பெண்களிடம் ஆச்சி என் தோளைப் பிடித்துத் திருப்பி, "எல்லாம் இவ கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் அதைக் கேட்க ஓடி வருவேன். அந்த வருடம் அவர் சொல்லச் சொல்ல நான் தோளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். நான் நன்றாகச் செய்யச் செய்ய, இந்த வீட்டுக்கு நான் இல்லாமல் ஆகாது என்று ஆகிக்கொண்டிருந்தது. கூடப் படித்து, அந்த வருடம் பயிற்சியில் சேர்ந்துவிட்ட ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். படியைப் பார்த்துவிட்டு, "நீதான் அடுக்குனியா? அழகா இருக்குட்டி" என்றாள். நான் சுண்டல் எடுக்கப் போவது போல உள்ளே போய் நின்றுகொண்டேன்.

மறு வருடம் மறுபடி எழுதிப் போட்டேன். மறுபடி கடிதம் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் நேரில் வர வேண்டும். மூன்றாவது தடவை கூப்பிடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தத் தடவை அய்யா மேலவீட்டுக்குப் போகவே இல்லை. "இந்த வருசமும் கொலு உண்டும்லா?" என்றார். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வருமா என்று கேட்பது போலச் சொன்னார்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை ஆச்சி என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போவதாக முடிவாயிற்று. ஆச்சியின் வீட்டுக்காரருக்கு ஓர் அக்காள் உண்டு. செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். ஆச்சி அவரை மதினி என்று கூப்பிடுவார். சாரல் காலத்துக்கென்று குற்றாலத்தில் அவருக்கு ஒரு பங்களா இருந்தது. அதை விற்றுவிட்டு மகனோடு திருவனந்தபுரம் போகப் போகிறார். அவரிடம் இருபத்தொரு பொம்மைகள் கொண்ட கல்யாண ஊர்வலச் செட்டு ஒன்று இருந்தது. மாப்பிள்ளை, பெண், நாகசுரம் இரண்டு பேர், தவில் இரண்டு பேர், குடைக்காரன், தீவட்டிக்காரர்கள், சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், வேடிக்கை பார்க்கும் ஒரு கிழவர். இருபது வருடமாக ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஆச்சி செங்கோட்டை போய் அந்த ஊர்வலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு வந்தவர். மதினி இருபது வருடமும், "நீ குறத்தி, பழக்காரின்னு ஒத்தை ஒத்தையா வாங்கு. செட்டெல்லாம் பாத்துக்கிட நேரம் வேணும்" என்று சொல்லி அனுப்புவாராம். இப்போது அதை விட்டுப் போகிறார். ஆச்சிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"எப்ப ஆச்சி திரும்புவோம்?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை. சாரல் நல்லா இருக்குங்காக. இருந்து குளிச்சுட்டு வருவோம்."

வெள்ளி காலையில் அம்மா மேலவீட்டுக் கிணற்றடியில் உருளி துலக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, சாம்பல் கையோடு என்னிடம் சொன்னாள்:

"ஏட்டி, ஒரு தடவ தப்பாத்தான் பாரேன்."

"என்னது?"

"ஒடஞ்சத நல்லதுன்னு சொல்லு. நல்லத ஒடஞ்சதுன்னு சொல்லு. இவளுக்குக் கண்ணு போச்சுன்னு அவளே ஒன்ன விட்டுருவா."

"நான் தப்பாப் பாக்க மாட்டேன்."

"ஆமா, பெரிய கலெக்டரு. தப்பாப் பாக்க மாட்டாளாம்." உருளியைக் கவிழ்த்து டங்கென்று தட்டினாள். "அப்ப இங்கனயே கெடந்து சாவு."

மூன்று மைல்தான் குற்றாலம். என் வீட்டு வாசலிலிருந்து அந்த மலையைப் பார்க்கலாம். ஆனால் அந்த இரண்டு நாள் போல எங்கேயும் நான் அடைபட்டுக் கிடந்ததில்லை. சாரல் விடவே இல்லை. சன்னலைத் திறந்தால் தூவானம் உள்ளே வந்து படுக்கையை நனைத்தது. மூடினால் அறை இருண்டது. கொடியில் போட்ட பாவாடை வெள்ளிக்கிழமை நனைந்தபடியே ஞாயிற்றுக்கிழமையும் தொங்கியது. அருவிச் சத்தம் சுவருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் தலையில் எண்ணெய் வடிய சிரித்துக்கொண்டு தெருவில் போனார்கள். ஆச்சியும் மதினியும் காலையும் மாலையும் அருவிக்குப் போய்வந்தார்கள். ஈரச் சேலைகளைப் பிழிந்து போடுவதும், சுக்குக் காப்பி போடுவதும், குரங்கு வராமல் சமையற்கட்டுக் கதவைச் சாத்துவதும் என் வேலை. தலைவலி என்று சொல்லி நான் குளிக்கப் போகவில்லை. கடிதத்தை நோட்டுக்குள் வைத்திருந்தேன். சனிக்கிழமை அதை எத்தனை முறை எடுத்து வாசித்திருப்பேன் என்று தெரியாது. மடிப்பு நைந்துவிட்டது. பேசாமல் பஸ் ஏறித் தென்காசிக்குப் போய்விடலாம். போனால் அய்யா என்ன செய்வார்? "ஆச்சி அனுப்புனாகளா?" என்பார். அவர் கூட வராமல் பாளையங்கோட்டையில் யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். எந்தப் பக்கம் யோசித்தாலும் கடைசியில் ஆச்சியிடம்தான் வந்து முட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் மதினி பீரோவைத் திறந்தார். அருவிப் பக்கத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த பீரோ. திறந்த உடனேயே எனக்கு வாடை வந்துவிட்டது. ஈர மண் வாடை, அதற்கு மேலே புது வார்னிஷ்.

நடுக்கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தேன். ஆச்சியும் மதினியும் எதிரே பலகையில் உட்கார்ந்து வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துகொண்டார்கள்.

"இந்தப் பிள்ளைதானா பள்ளிக்கூடம் படிச்ச பிள்ளை?" என்றார் மதினி.

"ஆமா மதினி. சும்மா துணி சுத்தி வைக்கக் கூட்டியாந்தேன்."

"துணி சுத்துறதுக்குப் பத்து பதினோரு வருசம் படிக்கணுமாக்கும்."

முதலில் கையில் வந்தவன் குடைக்காரன். ஆட்டினேன், மணல் உருண்டது. கணுக்காலில் விரலை வைத்தேன், ஒரு நூல் இழை போல விரிசல். எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. இவனை நிற்க வை. இப்படி ஏழெட்டுப் பேரை நிற்க வைத்தால் போதும். தென்காசி வெயிலில் காய்ந்ததும் எல்லாம் வெடித்துவிடும், உன் பேரும் வெடித்துவிடும். ஆனால் அது எப்போது நடக்கும்? ஒரு மாதம் கழித்து. எனக்கு நாளைக்கு அல்லவா வேண்டும்? இந்தக் கணக்கு ஒருபக்கம். இன்னொரு பக்கம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கடிதம் நாளைக்கு இல்லாமல் அடுத்த மாதத்துக்கு இருந்திருந்தாலும் அவனை என்னால் நிற்க வைத்திருக்க முடியாது. நிற்க வைத்துப் பார்த்தேன். இடது பக்கமாகச் சாய்ந்து நின்றான். பார்க்கப் பார்க்க, தப்பாகப் போட்ட கணக்குக்கு என் கையாலேயே சரி என்று குறி போட்டது போல இருந்தது. எடுத்துப் படுக்க வைத்தேன்.

"இவருக்கு உறக்கம் வருது ஆச்சி."

"அப்படியா? உறங்கட்டும்." ஆச்சி வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார்.

நாகசுரக்காரர் ஒருவரின் வாத்தியம் மூங்கில் குச்சி. மண் வாத்தியம் எப்போதோ ஒடிந்துபோய், குச்சியைச் செருகிச் சாயம் பூசியிருந்தார்கள். படுக்க வைத்தேன். தவில்காரர் இருவரில் ஒருவர் சொத்தென்றார். படுக்க வைத்தேன். சீர்த்தட்டுப் பெண்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு மணிக்கட்டில் அரக்கு. மாப்பிள்ளையைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். இந்தச் செட்டில் எல்லோருக்கும் புருவம் ஒரே இழுப்பில் போட்டது. இவருக்கு இரண்டு இழுப்பு. வேறெந்தச் செட்டிலிருந்தோ வந்து சேர்ந்த மாப்பிள்ளை. பெண்ணைத் தூக்கியபோது அடித்துளையிலிருந்து கருப்பாக ஈரத்தூள் என் மடியில் கொட்டியது. அவளையும் அவர் பக்கத்தில் படுக்க வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது பாயில் பதினேழு பேர் படுத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கும் கிழவர், ஒரு தவில்காரர், இரண்டு சீர்த்தட்டுப் பெண்கள் இவர்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள்.

மதினி பாக்கை மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னட்டி இது? ஊர்வலமே படுத்துட்டு? கல்யாண வீட்டுல பாயாசத்துல எதையும் கலந்துட்டானா?"

ஆச்சியின் முகம் சிவந்தது. இருபது வருட ஆசை பாயில் கிடந்தது. மதினியின் பீரோவுக்கு முன்னால் மதினியின் பொம்மைகள் பதினேழு பழுது என்று எந்த மரியாதையான வார்த்தையைக் கொண்டு சொல்வது? அவர் என்னைப் பார்த்தார்.

"மழை வெளிச்சத்துல சரியாத் தெரியாதுட்டி. இன்னொருக்கப் பாரு."

பார் என்றால் பார் என்று அர்த்தமில்லை. நிறுத்து என்று அர்த்தம்.

"பாத்துட்டேன் ஆச்சி."

"பொம்மைக்கும் பரீட்ச வச்சு பெயிலாக்குதா," என்று மதினி சிரித்தார். சிரிப்பில் சூடு இருந்தது. "நல்ல ஆளத்தான் பிடிச்சு வச்சிருக்க. இவ நாளைக்கு ஒருத்தன் கையப் பிடிச்சுட்டுப் போயிட்டா நீ என்ன செய்வ?"

பேச்சை மாற்றக் கிடைத்த சந்தர்ப்பத்தை ஆச்சி பிடித்துக்கொண்டார். என் தலையில் கையை வைத்து, உண்மையான பிரியத்தோடுதான் சொன்னார்:

"இவ எங்க போவா? எங்கயும் போமாட்டா. இங்கனதான் கெடப்பா."

அந்தக் கையின் கனம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. நான் பேசாமல் இருந்திருந்தால் ஆச்சி கையை எடுத்துக்கொண்டு எதையாவது சொல்லி நழுவியிருப்பார், புதன்கிழமை தென்காசிக்குப் போயிருப்போம். நான் வாயைத் திறந்தேன்.

"உறக்கம் இல்ல ஆச்சி. ஒடஞ்சிருக்கு. பதினேழும் ஒடஞ்சிருக்கு. நான் நாளைக்குப் பாளையங்கோட்டை போவணும்."

எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. எதற்கும் எதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆச்சியின் கை என் தலையிலிருந்து போனது. மதினி, "சிவ சிவா, பொம்மைக்கு முன்னால!" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

"பாளையங்கோட்டையில என்ன?" என்றார் ஆச்சி.

நோட்டிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நானே சொன்னேன். வாத்தியார் படிப்பு. திங்கட்கிழமை பத்து மணி. அய்யா கூட வர வேண்டும்.

"கொலு முடிஞ்சு போவலாம்னு சொன்னேன்லா?"

"போன வருசமும் அப்படித்தான் சொன்னீய ஆச்சி. கொலு முடியறதுக்குள்ள அது முடிஞ்சு போச்சு."

"அது முடிஞ்சு போவும்னு எனக்கு யாரு சொன்னா? ஒங்கய்யன் வந்து நின்னான். பிள்ளை படிக்கப் போணுங்கான்னான். கொலு முடியட்டுமேன்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டுப் போயிட்டான்." வெற்றிலைச் செல்லத்தை மூடினார். "அந்தப் பள்ளிக்கூடத்துல கொலுவுக்கு லீவு விடமாட்டாகளா?"

"விடுவாக. பத்து நாளு."

"பெறகென்னட்டி?"

பிறகென்ன. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருடம் வீணாகப் போயிருந்தது. ஆச்சி அப்படியொன்றும் யோசித்துச் சொன்ன சொல் இல்லையாம் அது. பாக்கு மெல்லுகிற நேரத்தில் வாயில் வந்தது. அதைச் சட்டம் போலத் தூக்கிக்கொண்டு வந்து அய்யா எங்கள் வீட்டில் வைத்தார். நானும் ஆறு வருடம் தினமும் அந்த வீட்டுக்குள் நடமாடினேன். நோட்டை வாசித்துக் காட்டினேன், சிரித்தேன். ஒருநாளும் இதை நேராகக் கேட்கவில்லை. பொம்மைக்கு வலிக்காமல் பேசத் தெரிந்த எனக்கு எனக்காகப் பேசத் தெரியவில்லை.

ஆச்சியைக் குற்றமில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். எங்களைப் போன்றவர்கள் அவர் முன்னால் நின்று பேச முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது. கேட்டிருந்தால் போன வருடம் கட்டாயம் அனுப்பியிருப்பாரா? தெரியாது. மதினி பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டதால்தான் மறுக்க முடியவில்லையோ என்றும் பிற்பாடு தோன்றியிருக்கிறது.

"இத வீட்டுல வச்சுச் சொன்னா என்ன? எங்க மதினிக்கு முன்னால வச்சுத்தான் சொல்லணுமா?" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். பிறகு மதினியின் பக்கம் திரும்பி, குரலை மாற்றிக்கொண்டு, "சின்னப் பிள்ளை, என்னத்தக் கண்டுச்சு? நான் இருபத்தொருத்தரையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் மதினி" என்றார். என்னிடம், "எல்லாத்தையும் கட்டு. கட்டி வச்சுட்டு நீ போற எடத்துக்குப் போ" என்றார்.

பதினேழு உடைந்த பொம்மைகளையும் நான்கு நல்ல பொம்மைகளையும் வேறுபாடு இல்லாமல் துணி சுற்றி, வைக்கோல் திணித்துப் பெட்டியில் அடுக்கினேன். என் வாழ்நாளில் நான் பார்த்துச் சொல்லியும் வாங்கப்பட்ட பழுதுகள் அவை மட்டும்தான். அவை ஒருநாளும் ஆச்சியின் படியில் ஏறவில்லை. அந்தப் பெட்டி திறக்கப்பட்டதாகவே எனக்குத் தெரியாது. கட்டிக்கொண்டிருந்தபோது மதினி என் அருகில் வந்து குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார்:

"மாப்பிள்ளை வேற செட்டுன்னு எப்படிட்டி கண்டுபிடிச்ச? எம்மவன் உடைச்சதுக்கு நான் மதுரையிலிருந்து வரவழைச்சது. பதினாலு வருசமா யாருக்கும் தெரியல."

"புருவம்," என்றேன்.

மதியம் பஸ்ஸில் தனியாக வந்தேன். ஈரப் பாவாடையை ஒரு காகிதத்தில் சுருட்டி மடியில் வைத்திருந்தேன். காசிமேஜர்புரம் தாண்டியதும் மழை நின்று வெயில் அடித்தது.

அய்யா வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்ன, நீ மட்டும் வந்திருக்க? ஆச்சி அனுப்புனாகளா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"நான் கேட்டேன். சரின்னாக."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "தப்பாப் பாத்தியா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். நான் தலையை இல்லையென்று ஆட்டினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் உள்ளே போய்த் தகரப் பெட்டியை இறக்கினாள்.

காலை வண்டிக்கு அய்யா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். அம்பாசமுத்திரம் வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டும்போது வெளியே பார்த்தபடியே கேட்டார்:

"ஆச்சிகிட்ட என்ன சொல்லிக் கேட்ட?"

"நாளைக்குப் போவணும்னேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது, அதை நான் மறைக்கிறேன் என்று நினைத்தார். குத்தகை போய்விடுமோ, மனையைக் காலி செய்யச் சொல்வார்களோ என்றெல்லாம் அவர் மனத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். சேரன்மகாதேவியில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோதும் முகம் தெளியவில்லை.

பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் ஒன்பதே முக்காலுக்கு நின்றோம். குமாஸ்தா என் சான்றிதழ்களைப் பார்த்து முடித்து, பெரிய பதிவேட்டை அய்யாவின் பக்கம் திருப்பினார். கையெழுத்தா, ரேகையா என்றார். அய்யா பெருவிரலை நீட்டினார். குமாஸ்தா அதைப் பிடித்து மையில் ஒற்றி, என் பெயருக்கு எதிரே அழுத்தி எடுத்தார். விரலைத் துடைக்க ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்.

அய்யா துடைக்காமல் நின்றார்.

"இன்னும் என்ன சாமி செய்யணும்?"

"ஒன்றுமில்லை. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றார் அய்யா. மை காயாத விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "போன வருசமும் இவ்வளவுதானா?"

குமாஸ்தாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் அய்யா கையிலிருந்த காகிதத்தை வாங்கி விரலைத் துடைத்துவிட்டேன். அந்த மை ஒரே துடைப்பில் போகவில்லை.